மேல்துறை தேடி

குருநாதனுக்கு ஊர் கட்ட இடம் அமையவில்லை. அவருடைய ஜனங்கள் மூட்டை முடிச்சோடும் ஒற்றை மாட்டு வண்டியோடும் கம்ப்யூட்டர் திரையின் நடுவில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் கைகாட்டுகிற இடத்தில் கூடாரம் அடிக்க வேண்டியது, அதுதான் தலைநகரம், அதற்குப் பிறகுதான் விதைப்பதும் சுவர் எழுப்புவதும் எழுத்துக் கண்டுபிடிப்பதும் எல்லாம். ஆட்டம் ஆரம்பித்தபோது மேல் மூலையில் கி.மு. நாலாயிரம் என்று போட்டிருந்தது. ஒவ்வொரு முறை முடியும்போதும் சில பத்து வருஷம் இறங்கும். இறங்கி இறங்கி ஆயிரம் வருஷம் போல கரைந்தாகிவிட்டது, இவர் இன்னும் புல்வெளிக்கும் பொட்டலுக்குமாக வண்டியை இழுத்தடித்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் பஜ்ஜியைத் தின்றுவிட்டு ‘கலந்து பேசிட்டுச் சொல்றோம்’ என்று எழுந்து வருகிற கோஷ்டி மாதிரிதான். “முதல் முறையிலேயே நின்ன இடத்துல ஊரைக் கட்டிரணும் மாமா, அதான் பொதுவா எல்லாரும் செய்வாங்க” என்று மருமகன் கனியமுதன் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தான். அவன் சொன்னபடியே தன் ஊரை முதல் முறையிலேயே ஆற்றங்கரையில் கட்டிவிட்டான். ஒரே கம்ப்யூட்டர், இரண்டு பேர். இவர் ஆடி முடித்துத் தள்ளி உட்கார்ந்தால் அவன் ஆடுவான், அவன் முடித்தால் இவர். சனிக்கிழமை, அவனுக்கு ஆபீஸ் வேலை இல்லை. மகள் மங்கை ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட், வேலைக்குப் போயிருந்தாள், மத்தியானம் வந்துவிடுவாள். மூட்டு மாற்று ஆபரேஷன் செய்த வலது காலை ஒரு முக்காலி மேல் நீட்டிவைத்து, பக்கத்தில் வாக்கரைச் சாத்திவைத்து, அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதர் ராஜ்ஜியம் கட்டப் பழகிக்கொண்டிருந்தார்.

வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது. டிவியில் ஒன்றும் ஓடவில்லை, செய்தித்தாளைப் பிரேதப் பரிசோதனை செய்தாகிவிட்டது, “சும்மாதானே இருக்கீங்க, இதைப் பாருங்க மாமா” என்று அவன்தான் நாற்காலியை இழுத்துப் போட்டான். மாமா. அவன் வாயில் அந்தச் சொல் தடங்கல் இல்லாமல் வருகிறது. இவர் வாயில்தான் ஒன்றும் வருவதில்லை. வந்து மூன்று வாரமாகிறது, அவனை இவர் இதுவரை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இங்க பாருங்க’, ‘அந்த ஃபேனைக் கொஞ்சம்’, ‘மங்கை வந்தாச்சா’ என்று காற்றைப் பார்த்துப் பேசியே வண்டியை ஓட்டிவிட்டார். தமிழில் அதற்கு எவ்வளவோ வசதி இருக்கிறது. மனசுக்குள் அவன் ‘அவன்’தான், மருமகனை யாரும் மனசுக்குள்கூட அப்படி ஒருமையில் நினைக்கமாட்டார்கள், தெரியும், தெரிந்தும் அதைத் திருத்தவில்லை. மற்றபடி இவர் நடந்துகொண்ட விதத்தில் இவருக்கே ஒரு திருப்தி இருந்தது. மகள் கல்யாணம் செய்துகொண்டு போன ஒன்பது வருஷத்தில் இந்த வீட்டு வாசலை மிதிக்காதவர். மனைவி போய்ச் சேர்ந்து, மூட்டும் தேய்ந்து, கக்கூஸுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போக ஆளில்லாமல் ஆன பிறகு மங்கைதான் வந்து அழைத்தாள். அழைக்கும்போதே, ஊர் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, உட்காராமலே சொன்னாள்: “ஒரு வார்த்தைப்பா. சாதியப் பத்தி, அவங்க ஆளுங்களப் பத்தி, ஒரே ஒரு வார்த்தை உங்க வாயில இருந்து வந்துச்சு, அன்னிக்கே பஸ் ஏத்தி விட்டுருவேன். அதுக்கப்புறம் எனக்கு அப்பா இல்ல, உங்களுக்கு மக இல்ல.” சரிம்மா என்றார். சொன்ன மாதிரியே வாயைக் கட்டினார். அவன் வைத்த சாம்பாரைச் சாப்பிட்டார், அவன் மோந்து கொடுத்த தண்ணீரைக் குடித்தார், அவன் தோளைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். இதில் மங்கைக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஒவ்வொரு வாய் சோற்றுக்கும் ஒவ்வொரு மடக்குத் தண்ணீருக்கும் இவர் உள்ளுக்குள் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டிருந்தார். பார், சாப்பிட்டுவிட்டேன். பார், குடித்துவிட்டேன். என்ன பெரிய மனசு எனக்கு. பசிக்குச் சோறு போட்டவன் வீட்டில் உட்கார்ந்து, தின்பதையே தர்மம் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்த மனுஷன். இது இன்றைக்குக் காலை வரைக்கும் அவருக்கு வெட்கமாகத் தோன்றவில்லை.

திரையில் கறுத்த மேகமாக மூடிக்கிடந்த உலகம் வண்டி போகப் போகத் திறந்தது. இங்கே ஒரு குன்று, இங்கே மான் கூட்டம், இங்கே ஒரு ஆறு. ஆற்றைப் பார்த்ததும் குருநாதனுக்கு உடம்பே விழித்துக்கொண்டது. முப்பத்தைந்து வருஷம் பாசனத்துறையில் ஓவர்சியராக மதகும் வாய்க்காலும் அளந்தவர், நீரோட்டத்தை முகர்ந்தே சொல்லுவார். “ஆத்தை ஒட்டிக் கட்டுங்க மாமா, நல்ல தண்ணி இருந்தா ஜனம் சீக்கிரம் பெருகும்” என்றான் அமுதன். ஒட்டித்தான் கட்டவேண்டும், அது இவருக்குத் தெரியாதா. வளைவு, வண்டல், இரண்டு பக்கமும் கோதுமை விளைகிற நிலம், அம்சமான இடம். சுட்டியை அங்கே கொண்டுபோய்விட்டார். அமுக்குகிற நேரத்தில் கண் மேலே போனது. ஆறு வருகிற திசையில், கொஞ்ச தூரத்தில், அமுதனுடைய ஊர் புகை விட்டுக்கொண்டிருந்தது. விரல் நின்றது. ஏன் நின்றது என்று அவர் அப்போது யோசிக்கவில்லை. வண்டியைத் திருப்பி மேற்கே ஓட்டினார். அவன் ஊரைச் சுற்றிக்கொண்டு, காட்டுக்குள் புகுந்து, காட்டில் வண்டி மெதுவாகத்தான் போகும், முறைக்கு ஒரு கட்டம், வருஷம் இறங்கிக்கொண்டே போனது, அதற்குள் அமுதன் இரண்டாவது ஊரையும் கட்டிவிட்டான், அதுவும் அதே ஆற்றில், இன்னும் மேலே. குருநாதனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மறுபடியும் திருப்பினார், மலைப்பக்கம், ஆறு பிறக்கிற இடத்தைத் தேடி. “எங்க மாமா போறீங்க? மேல வெறும் பாறை, ஒண்ணும் விளையாது. கீழ அந்த வளைவு அருமையான இடம், உங்களுக்குன்னு விட்டு வச்சிருக்கேன்.” அவன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். இவரும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஆட்டத்தின் மும்முரத்தில், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார், நாக்கு தானாகப் புரண்டு சொன்னது: “அதெப்படி? உங்க ஆளுக புழங்கிட்டு விடுற தண்ணிய எங்க ஆளுக எப்படி வாயில வைக்கிறது?”

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே தெருவில் யாரோ பழைய பேப்பர், இரும்பு என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போனார்கள். குருநாதனுக்குத் தான் சொன்னது முதலில் காதில் விழவில்லை. வேறு யாரோ சொன்ன மாதிரி, பின்னால் இருந்து, சாவகாசமாக வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்ததும் காது மடல் சுட்டது, பிடரி சுட்டது, ஆபரேஷன் செய்த முட்டி விண்விண்ணென்று தெறித்தது. பக்கத்தில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், பார்க்க முடியவில்லை. ஆட்டத்தில் உங்க ஆளு எங்க ஆளு என்றால் ஆட்டத்து ஆளுகள்தானே, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பொம்மைகள்தானே, அப்படித்தானே யாரும் எடுத்துக்கொள்வார்கள். அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பான். எடுத்துக்கொண்டிருப்பானா? நான் ஓவர்சியர், எனக்கு மேல்மடை கீழ்மடை என்பது தொழில் பேச்சு, கழிவு நீர் கலக்கும் என்கிற அர்த்தத்தில் சொன்னேன், சுகாதாரம், ஆமாம், சுகாதாரம் என்று சொல்லிவிடலாம். அந்தச் சமாதானம் எவ்வளவு சுருக்காக, எவ்வளவு அழகாக மடித்துக் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தபோது அவருக்கு இன்னும் அசிங்கமாக இருந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று ஒரு பழமொழி எட்டிப் பார்த்தது. சறுக்கினால் யானை விழும். இவர் எங்கே விழுந்தார், நடந்து பழகிய பாதையில் கண்ணை மூடிக்கொண்டு நடந்த மாதிரியல்லவா அந்த வார்த்தை வந்தது. இவருடைய ஊர் ஆற்றில் மேல்துறை, கீழ்த்துறை என்று இரண்டு. யாரும் இவருக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை, பல்லுக்குப் பக்கத்துப் பல் மாதிரி அது கூடவே முளைத்தது. புது சைக்கிள் வாங்கிய சமயம், மேல்துறையில் இறக்கி, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கீழ்த்துறையில் ஒரு பெண் குடத்தோடு நின்றாள். நுரை மிதந்து அவளிடம் போயிற்று. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள், இவர் நிறுத்துகிற வழியாக இல்லை, குனிந்து கையால் நுரையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் விலக்கிவிட்டுக் குடத்தை அமுக்கினாள். அவ்வளவுதான். அவள் முகம் நினைவில்லை, அந்தக் கை விலக்கிய விதம் மட்டும் இருக்கிறது, பாலில் ஆடையை ஒதுக்குகிற மாதிரி, பழக்கமாக. அன்றைக்கு இவர் சைக்கிள் ரிம்மில் முகம் தெரிகிறதா என்றுதான் பார்த்தார். அதை இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தேன், இப்போது எதற்கு வருகிறது, அவன் ஏன் ஒன்றும் பேசமாட்டேன் என்கிறான்.

“இதுல மேல கீழ எல்லாம் கிடையாது மாமா” என்றான் அமுதன். குரல் சாதாரணமாக இருந்தது. “ஆத்தை ஒட்டி எங்க கட்டினாலும் ஒரே தண்ணிக் கணக்குதான். இந்த ஆட்டத்துக்கு அது தெரியாது.” சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிப் பக்கம் போனான். இந்த ஆட்டத்துக்கு அது தெரியாது. பாடம் சொல்லிக்கொடுக்கிற பேச்சா, வேறு பேச்சா? ஆட்டத்துக்குத் தெரியாது என்றால் வேறு யாருக்குத் தெரியும் என்று சொல்கிறான்? சாதாரணமாகச் சொன்னானா, சாதாரணமாகச் சொல்லிப் பழகியவன் சொன்னானா? அவன் ஊரிலும் ஒரு ஆறோ வாய்க்காலோ இருந்திருக்கும், அதிலும் இரண்டு துறை இருந்திருக்கும், அவன் எதில் நீச்சல் பழகினான் என்று இவர் கேட்டதில்லை, எதையுமே கேட்டதில்லை. அடுப்படியில் குழாய் திறக்கிற சத்தம். பிறகு அவன் போன் ஒலித்தது. ம், என்றான். ஆமா, என்றான். குருநாதன் காதைத் தீட்டிக்கொண்டார். மங்கைதான். சொல்கிறான். இப்போதே சொல்கிறான். அவள் ஆஸ்பத்திரியில் யாருடைய காலையோ மடக்கி நீட்டிக்கொண்டிருப்பவள், கையைத் துடைத்துக்கொண்டு காதில் வைத்துக் கேட்பாள், முகம் அப்படியே மரமாகிவிடும், அவள் அம்மாவுக்கும் அப்படித்தான் ஆகும். பஸ் எத்தனை மணிக்கு, வாக்கரை எப்படி ஏற்றுவது, ஜன்னலோர சீட்டில் காலை நீட்ட முடியாதே, ஊரில் இறங்கினால் வீட்டுச் சாவி எந்தப் பையில். அடப்பாவி, காலைப் பற்றித்தான் யோசிக்கிறேன் பார், மகள் கையை விட்டுப் போகிறாள், நான் சீட்டைப் பற்றி யோசிக்கிறேன். அதோடு நிற்கவில்லை, அதைவிடக் கேவலமாக ஒன்று உள்ளே தலைதூக்கியது: வேண்டுமென்றே உட்கார வைத்தானோ? ஆற்றை நடுவில் போட்டு, தான் மேலே போய் உட்கார்ந்துகொண்டு, கிழவன் வாயிலிருந்து வரட்டும் என்று? நினைத்த மறுகணமே தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நல்ல வளைவை உங்களுக்கென்று விட்டுவைத்திருக்கிறேன் என்றானே. “இல்லங்க, மூணாவது மாடி, கேட்டுல செக்யூரிட்டிக்கிட்ட குடுத்துருங்க” என்று அடுப்படியிலிருந்து கேட்டது. கூரியர்க்காரன். குருநாதன் வேட்டியில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார்.

அமுதன் இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்தான், ஒன்றை இவர் கையில் கொடுத்தான். இவர் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். இந்த முறை முதுகைத் தட்டிக்கொள்ள யாரும் உள்ளே இல்லை; மோர் மட்டும் போயிற்று, கொஞ்சம் உப்புக் கூடுதல். “உங்க முறைதான் இன்னும்” என்றான். மாமா என்று சொல்லவில்லை. சொல்ல மறந்தானா? இதற்கு முன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு மாமா இருந்ததே, மோர் கொடுக்கும்போதும் சொல்லவில்லையே. திரையில் வண்டி மலையடிவாரத்தில் நின்றது, சுற்றிலும் பாறை, ஆறு அங்கே ஒரு கோடுகூட இல்லை. மன்னிச்சுக்கங்க என்று சொல்லிவிடலாம். எதற்கு மாமா என்று கேட்டால்? கேட்டால் விளக்க வேண்டும், அந்த வார்த்தையை இன்னொரு முறை வாயில் எடுக்க வேண்டும். அவன் உண்மையிலேயே கவனிக்காமல் விட்டிருந்தால் நானே எடுத்துக் கையில் கொடுத்த மாதிரி ஆகும். சும்மா போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விடுவானேன். இப்படிச் சொல்லிச் சொல்லி வாய் வரை வந்ததை விழுங்கினார், பிறகு சுட்டியைப் பிடித்து வண்டியைக் கீழே இறக்கினார், வந்த வழியே, அதே காடு, அதே முறைக்கு ஒரு கட்டம். இருவரும் மாறி மாறி ஆடினார்கள். ‘முடிச்சாச்சு’, ‘ம்’, ‘முடிச்சாச்சு’, ‘ம்’. அமுதனுடைய ஊர்களில் மண்பாண்டம் வந்தது, சக்கரம் வந்தது, நெல்லோ கோதுமையோ மஞ்சளாக விளைந்தது. இவருடைய ஜனங்கள் ஆயிரம் வருஷத்துக்கு மேலாகச் சோறு பொங்காமல் நடந்துகொண்டிருந்தார்கள், எங்கே போகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் அந்த வளைவுக்கு வந்து, அவன் ஊருக்குக் கீழே, பொத்தானை அமுக்கினார். கூடாரங்கள் முளைத்தன, மேளம் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. “வாழ்த்துகள்” என்றான் அமுதன். அமுக்கியதும் மனசு லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தார், ஒன்றும் ஆகவில்லை. பொம்மைகளைக் கீழ்த்துறையில் இறக்கிவிட்டு நல்ல பேர் வாங்கப் பார்க்கிறேன் என்று தோன்றியது.

மங்கை வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றும்போதே, “என்ன, ரெண்டு பேரும் ஒரே ஸ்க்ரீன்ல உக்காந்திருக்கீங்க, கண்ணு பட்டுரப் போகுது” என்றாள். வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள், ஆஸ்பத்திரி டெட்டால் வாசனை. “அப்பா, ஒரே ஒரு ஊருதானா? காலைல இருந்து என்ன பண்ணீங்க?” அமுதன் திரையைப் பார்த்தபடியே சொன்னான்: “மாமா ஓவர்சியராச்சே, நீரோட்டம் பாக்காம லேசுல இடம் பிடிக்குமா? மேல்மடை கீழ்மடைன்னு சுத்தி அளந்துட்டாரு.” ஆக, அவனுக்குத் தெரியும். கேட்ட அந்த நிமிஷத்திலேயே தெரிந்திருக்கிறது. இவர் மடித்துக் கையில் வைத்திருந்த அதே பொய்யை, இவர் எடுப்பதற்கு முன்னால், அவன் எடுத்து இவருக்குப் போர்த்திவிட்டான். முதலில் வந்தது நிம்மதி, வெட்கங்கெட்ட, சொகுசான நிம்மதி, பஸ்ஸும் வாக்கரும் ஜன்னல் சீட்டும் போன இடம் தெரியவில்லை. மங்கை சிரித்தாள். அவர் தோளில் கையை வைத்தாள், ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக, நோயாளிக்கு வைக்கிற கை அல்ல, மகளுடைய கை. “அப்பாவுக்கு எதுதான் லேசுல பிடிச்சிருக்கு” என்று கொஞ்சலாகச் சொன்னாள். அந்தக் கையின் சூடு சட்டை வழியாக இறங்க இறங்க அவருக்கு அழுகை வந்தது, அந்தக் கை தனக்குரியதல்ல என்று தெரிந்தே தோளை அசைக்காமல் வைத்துக்கொண்டார்.

அவள் போனை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, கூந்தலை அவிழ்த்துக்கொண்டே பேசினாள். “அத்தை, சாப்பிட்டாச்சா?” அமுதனுடைய அம்மா தனபாக்கியம். விழுப்புரம் பக்கம் எங்கோ தனியாக இருக்கிறவர், வாரத்துக்கு ஒரு முறை வந்து மகனோடு இருந்துவிட்டுப் போவாராம். இவர் வந்ததிலிருந்து வரவில்லை. ஏன் வரவில்லை என்று இவர் கேட்டதில்லை, வராதது சௌகரியமாகத்தான் இருந்தது. “வர்ற வெள்ளிக்கிழமை கிளம்பி வாங்கத்தை. ஒண்ணும் யோசிக்காதீங்க, தைரியமா வாங்க. அப்பா மாறிட்டாரு. நானே நம்பல, உங்க மகனும் அவரும் காலைல இருந்து ஒண்ணா உக்காந்து ஆடிக்கிட்டு இருக்காங்க.” அமுதன் சுட்டியை விட்டுவிட்டான். அவன் கை மேஜைமேல் அசையாமல் இருந்தது. தன்வரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் அவன் மூடிவைத்திருக்கிறான், இப்போது அவன் அம்மா வருகிறாள், மகள் கொடுத்த தைரியத்தில், ஒரு பையில் முறுக்கோ கொய்யாப்பழமோ கட்டிக்கொண்டு, இந்தப் பொய்யை நம்பி. வந்து இந்த மேஜையில் உட்காருவாள். என் நாக்கு இங்கேயேதான் இருக்கும். அது எப்போது புரளும் என்று எனக்கே தெரியாது. அந்த அம்மாளுக்கு முன்னால் புரண்டால்? அவனாவது கண்ணைத் திரையில் வைத்துக்கொள்ளத் தெரிந்தவன், அவள் எதைப் பார்ப்பாள்? அவன் இவர் பக்கம் திரும்பினான். கோபம் இல்லை, கெஞ்சல் மாதிரி ஏதோ. சொல்லிவிடாதீர்கள் என்றா, சொல்லுங்கள் என்றா?

“மங்கை” என்றார் குருநாதன். குரல் பிசிறியது. “அவங்கள இப்ப வரச் சொல்லாதம்மா.”

அவள் கை கூந்தலில் நின்றது. முகம் மரமாகத் தொடங்கியது. “ஏன்?”

“காலைல ஒரு வார்த்தை சொல்லிட்டேன். இவரப் பார்த்து. இவரு அதை மறைச்சுட்டாரு.” வாக்கரைத் தேடிக் கை துழாவியது, எழுந்து நின்றாவது சொல்லவேண்டும் என்று இருந்தது, முட்டி விடவில்லை. “நான் மாறலம்மா. மாறின மாதிரி இருந்தேன், அவ்வளவுதான். பஸ் ஏத்தி விட்டுரு.”

மங்கை அவரைப் பார்த்தாள், அமுதனைப் பார்த்தாள். மேஜைமேல் போன் வெளிச்சம் அணையாமல் இருந்தது, அதிலிருந்து இரைச்சலோடு குரல் வந்தது.

“யாரும்மா அங்க பேசறது, சம்பந்தியா? கும்பிடறேங்க. காலு இப்ப எப்படிங்க இருக்குது, நடக்க முடியுதுங்களா?”